அக்காவின் கருஞ்சிவப்பு ரோஜாவும் அரை மணி நேரமும்

எங்கள் வீட்டில் பயப்படுவதற்கென்றே ஒரு ஆள் இருந்தாள். என் ஓரகத்தி இருதயசெல்வி. என் வீட்டுக்காரர் ஸ்டீபன்ராஜுடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு வீட்டுக் கேஸ் அடுப்பையும் அணைத்தோமா என்று அவள் மூன்று தடவை போய்ப் பார்ப்பாள். அவள் பார்ப்பதால் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. திண்டிவனத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு, நடுவில் ஒரு சுவர், முன்னால் பொதுவாக ஒரு துண்டு தோட்டம். சுவருக்கு அந்தப் பக்கம் பயம், இந்தப் பக்கம் வாய். வாய் என்றால் நான்தான்.

அவளைக் கிண்டல் பண்ணியே பன்னிரண்டு வருஷம் பொழுதை ஓட்டினேன். ராத்திரி டெலிபோன் அடித்தால் சிலுவை போட்டுக்கொண்டுதான் எடுப்பாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டாள், லாரி உரசிவிடுமாம். இத்தனை பயத்தில் ஒன்றுகூடப் பலித்ததில்லை. ஒரே ஒரு நாள் ஒன்று பலித்தது. அன்று பலிக்க வைத்தவள் நான். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காவுக்கு சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர் வேலை. ஓமந்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம், தொண்ணூறு பிள்ளைகள். சமைத்த சாப்பாட்டைப் பெரியவர்கள் ருசி பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குப் போட வேண்டும் என்பது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். மற்றவர்கள் கரண்டியில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு "போடு" என்பார்கள். இவள் ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு, கையில் கட்டிய வாட்சைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் பிள்ளைகளுக்கு. "டீச்சர், பசிக்குது" என்று பிள்ளைகள் தட்டைத் தட்டும். "செத்த இருங்கடா, நான் மொதல்ல செத்துப்போறனா பாப்போம்" என்பாளாம். ஒரு முறை சாம்பாரில் பல்லி வால் மிதக்கிறது என்று அண்டாவோடு கவிழ்த்துவிட்டாள். அப்புறம் பார்த்தால் அது கத்திரிக்காய்க் காம்பு. ஊரே திட்டியது. நான் ஒரு வாரம் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அவள் பயப்படாத இடம் ஒன்றே ஒன்றுதான். வாசலில் நின்ற ரோஜாச் செடி.

1993இல் மாமா வாங்கி வந்த செடி அது. மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர் அடைக்கலராஜ். கவர்மெண்ட் பஸ் கண்டக்டர். ஓசூர் வழித்தடத்தில் ஓடியபோது, கறுப்புப் பாலிதீன் பையில் இருந்த ஒட்டுச்செடியைத் தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ஏறுகிறவர்கள் மிதிக்காமல் காலால் அணை கட்டிக்கொண்டே திண்டிவனம் வரை வந்தாராம். மொட்டாக இருக்கும்போது அந்தப் பூ ஏறக்குறையக் கறுப்பு. விரிந்தால் ஆழமான சிவப்பு, தொட்டால் வெல்வெட் துணி. எங்கள் ஊர் வெயில் அந்த நிறத்துக்கு ஆகாது, இதழின் ஓரம் கருகிவிடும். அதனால் காலையில் பதினோரு மணி வரை வெயில், அப்புறம் சுவர் நிழல் என்று கணக்குப் பார்த்து நட்டாள். ஒட்டுக்குக் கீழே ஏழு இலையோடு காட்டுத்தண்டு கிளம்பினால் அன்றைக்கே கிள்ளிவிடுவாள். "உட்டா இது அதத் தின்னுடும் பவுலு" என்பாள். என் பெயர் பவுலின். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து ஊற்றுவாள், மீன் கழுவிய தண்ணீர், முட்டை ஓடு, டீத்தூள் சக்கை எல்லாம் அதற்குத்தான். நாற்றத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு போவேன்.

முதல் பூ கோயிலில் மாதா காலடிக்குப் போயிற்று. அதிலிருந்து அதற்கு மாதா ரோஜா என்றே பெயர். கோயிலில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை ராயப்பன் நாலு முறை குச்சி வெட்டிக்கொண்டு போய் நட்டுப் பார்த்தார், ஒன்றும் துளிர்க்கவில்லை. "இன்னா மருந்தும்மா போடுற?" என்று கேட்பார். "மருந்து வாசனையே இதுக்குக் காட்டினதில்லீங்க. செபமாலை சொல்லிக்கினே தண்ணி ஊத்துறேன், அவ்ளோதான்" என்று அக்கா தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்வாள். தலையை நிமிர்த்தி அவள் பேசுகிற ஒரே விஷயம் அது.

எனக்கு 2001இல் ஆஷ்லின் பிறந்தாள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. என் மகள் பாதி நேரம் சுவருக்கு அந்தப் பக்கம்தான் வளர்ந்தாள். தினமும் காலையில் பெரியம்மாவிடமிருந்து ஒரு ரோஜா இதழ் அவளுக்குத் தின்னக் கிடைக்கும். அதற்கும் அதே சட்டம்தான். அக்கா முதலில் ஒரு இதழை மென்று, வாட்சைப் பார்த்து, அரை மணி கழித்துத்தான் குழந்தைக்குக் கொடுப்பாள். "பூவத் தின்னு செத்தவங்க யாருக்கா?" என்று நான் கேட்டேன். "தெரியாது. மொத ஆளு இவளா இருக்கக் கூடாது" என்றாள்.

2008 கோடையில் செடிக்கு இலைப்பேன் விழுந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சி. மொட்டுக்குள் புகுந்து சாறை உறிஞ்சிவிடும். மொட்டின் ஓரம் தீய்ந்து, விரியாமலே உதிரும். ஏப்ரல் முழுக்க ஒரு பூ உருப்படவில்லை. வேப்பெண்ணெய் அடித்தாள், சோப்புத் தண்ணீர் தெளித்தாள், பழைய சாம்பலைத் தூவினாள். ஒன்றுக்கும் கேட்கவில்லை. மே கடைசி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நற்கருணைப் பவனி. வெள்ளைக் கவுன் போட்ட சின்னப் பெண்கள் கூடையோடு முன்னால் போவார்கள். மணி அடித்ததும் திரும்பி நின்று, ஒரு இதழை எடுத்து முத்தமிட்டு, சாமியார் நற்கருணை அப்பத்தை ஏந்தி வரும் பாதையில் போட வேண்டும். பதினாலு வருஷமாக அந்தக் கூடைகளில் அக்காவின் பூ இல்லாமல் பவனி கிளம்பியதில்லை. அந்த வருஷம் ஆஷ்லின் புதுநன்மை, அதாவது முதல் தடவை நற்கருணை, வாங்கியிருந்தாள். அவளுக்கும் கூடை உண்டு.

இனி நான் சொல்வது எனக்குப் பின்னால் தெரிந்தது. அக்கா வேலை பார்த்த ஊரில் பாண்டுரங்கன் என்று மல்லாட்டை போடுகிற விவசாயி இருந்தார். அவரிடம் போய் யோசனை கேட்டிருக்கிறாள். அவர் தான் அடிக்கிற மருந்தைக் காட்டி, "இத அடிங்க, பூச்சி இருந்த எடம் தெரியாது. ஆனா பத்து நாளைக்குப் பூவத் தொடக் கூடாது, ஆமா" என்றிருக்கிறார். சின்னச் சீசாவில் கொஞ்சம் ஊற்றித் தருகிறேன் என்றதற்கு இவள் மாட்டேன் என்றுவிட்டாள். பெயர் ஒட்டாத சீசாவை வீட்டில் வைக்க அவளுக்குப் பயம். கடையில் போய்ச் சிவப்பு அடையாளம் போட்ட முழு பாட்டிலாக வாங்கி, துணியில் சுற்றி, புண்ணாக்கு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். வியாழக்கிழமை மத்தியானம் தெருவே தூங்குகிற நேரத்தில் அடித்துவிட்டாள். பூச்சி ஒழிய வேண்டுமே என்று அளவையும் கொஞ்சம் கூட்டிவிட்டாள்.

நான் எழுந்து வந்தபோது வாசலில் ஒரு நெடி. "இன்னாக்கா நாத்தம்?"

"கட்டிலுக்கு மூட்டப்பூச்சி மருந்து அடிச்சேன்."

அக்கா பொய் சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. நம்பிவிட்டேன். போகிற போக்கில் அவள் இன்னொன்றும் சொன்னாள். "இந்த வாரம் ரோஜாவத் தொடாத பவுலு. பவனிக்குக் கடையில வாங்கிக்கலாம்."

"ஏன்? இப்பதான நாலஞ்சு பூ நல்லா விரியுது?"

"நல்லா இல்ல. தொடாதன்னா தொடாத."

மருந்து அடித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. பதினைந்து வருஷம் தலையை நிமிர்த்திச் சொன்ன பேச்சு அவள் வாயைக் கட்டிவிட்டது. நானாவது நிதானமாக இருந்தேனா? மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவள் என் மகள் கூடை தூக்குகிற வருஷம் பார்த்துக் கையை இறுக்குகிறாள் என்று எனக்கு வயிறு எரிந்தது. பெரிய மனசு என்று நினைத்தது எவ்வளவு தப்பு என்று மனதுக்குள் பொருமிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு அக்காவும் மாமாவும் கண்டமங்கலம் போனார்கள், அக்காவின் அப்பாவுக்கு நினைவுத் திருப்பலி. கேட் சாத்திய சத்தம் கேட்டதும் நான் கத்தரிக்கோலோடு இறங்கினேன். விரிந்தது, பாதி விரிந்தது எல்லாமாகப் பத்தொன்பது பூ. ஒன்றைக்கூட விடவில்லை. வந்து பார்த்துக் கத்தட்டும், மாதாவுக்குக் கொடுத்ததற்கு என்ன சொல்லிவிடுவாள் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. உதிர்த்துக் கோயிலுக்குக் கொண்டு போனேன். ராயப்பன் "மாதா ரோஜா வந்துட்டுது" என்று பன்னீர் ரோஜாவோடு கலந்து பன்னிரண்டு கூடையிலும் போட்டார்.

சாயந்திரம் ஐந்து மணிக்குப் பவனி கிளம்பியது. நான் பெண்கள் வரிசையில் முன்னால் நடந்தேன். மணி அடிக்கும், பன்னிரண்டு பேரும் திரும்புவார்கள், இதழை உதட்டில் வைப்பார்கள், போடுவார்கள். ஆஷ்லின் மட்டும் கருஞ்சிவப்பு இதழாகப் பொறுக்கி, ஒன்றைப் போட்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று நாளாகப் பெரியம்மா இதழ் கொடுக்காத ஏக்கம். 'திருட்டுக் கழுதை' என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று, நான்கு என்று எண்ணினேன். கடவுளே, எண்ணிக்கொண்டு நடந்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்து வருகிற தெரு எங்கள் பாதையைச் சந்திக்கிற இடத்தில் அக்காவைப் பார்த்தேன், பின்னால் மாமா. அக்கா தோளில் பையோடு நின்று ரோட்டில் கிடந்ததைக் குனிந்து பார்த்தாள். ஒரு இதழை எடுத்து மூக்குக்குக் கொண்டு போனாள். பையைக் கீழே போட்டாள். அப்புறம் ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. வரிசையைப் பிளந்துகொண்டு உள்ளே புகுந்து, பிள்ளைகள் கையிலிருந்த கூடைகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள். ஒரு பெண் கீழே விழுந்தாள். குடைக்குக் கீழே நற்கருணையோடு சாமியார் அப்படியே நின்றுவிட்டார். பாட்டு நின்றது. யாரோ "பேய் பிடிச்சிட்டுதா இவளுக்கு?" என்று கத்தினார்கள்.

"மருந்து! பூவுல மருந்து! வாயத் தொடைங்க, புள்ளைங்க வாயத் தொடைங்க!"

எனக்குப் புரிந்துவிட்டது. கட்டில், மூட்டைப்பூச்சி, தொடாத என்று சொன்னது, எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. ஆஷ்லினைப் பார்த்தேன். அவள் வாயோரத்தில் எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. "அம்மா, வயிறு" என்றாள். வெள்ளைக் கவுன் முழுக்க வாந்தி எடுத்தாள். அதில் கருஞ்சிவப்புத் துணுக்குகள் கிடந்தன.

ஆட்டோ, கார், கையில் கிடைத்த வண்டி எல்லாவற்றிலும் பன்னிரண்டு பிள்ளைகளையும் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனோம். வழியெல்லாம் ஆஷ்லின் உடம்பு வேர்வையில் நழுவியது. டாக்டர் அவள் கண்ணை விரித்து டார்ச் அடித்தார். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. "என்ன மருந்து? பேர் தெரியுமா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் மாமா பாட்டிலை நீட்டினார். அக்கா ரோட்டிலிருந்தே அவரை வீட்டுக்கு ஓடச் சொல்லியிருந்தாள். டாக்டர் லேபிளைப் படித்து ஊசிக்குச் சொன்னார். கையால் ஊற்றிக் கொடுத்த சீசாவாக இருந்திருந்தால் என் மகள் என்ன ஆகியிருப்பாள் என்று இன்றுவரை என்னால் முழுசாக நினைக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரருக்குக் கூட்டேரிப்பட்டில் மெக்கானிக் ஷெட். அங்கிருந்து கிரீஸ் கையோடு ஓடி வந்தார். வராந்தாவில் பெற்றவர்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். "எவ பறிச்சது? எவடி பறிச்சுக் குடுத்தது?" என்று அவர் கத்தியதில் நர்ஸ்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் கோபம் எனக்குத் தெரியும். ஆனால் எனக்குப் பயம் அவர் கையைப் பார்த்து இல்லை. உள்ளே ஆஷ்லின் போய்விட்டால், கொன்றவள் நான் என்று என் வாயால் சொல்லிவிட்டு அப்புறம் எப்படி உயிரோடு இருப்பது என்ற பயம். எதற்கும் மூடாத என் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

"நான்தான்" என்றாள் அக்கா. "காலையில நான்தான் பறிச்சு வெச்சிட்டுப் போனேன். மருந்து அடிச்சத மறந்துட்டேன். பஸ்ஸுல வரும்போதுதான் நெனப்பு வந்துது."

மாமாவுக்குத் தெரியும் அது பொய் என்று. அவளோடு இருட்டில் கேட்டைச் சாத்திக்கொண்டு போனவர் அவர். என்னை ஒரு பார்வை பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் அண்ணி என்றும் பார்க்காமல் பேசிய பேச்சை நான் எழுத மாட்டேன். நான் அங்கேயே நின்றேன். கேட்டுக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆஷ்லின் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். மற்ற பிள்ளைகள் அன்றே வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவளை நான்காம் நாள் விட்டார்கள்.

பிள்ளைகள் பிழைத்தார்கள், அக்கா பிழைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 'பிள்ளை இல்லாத வயிற்றெரிச்சலில் வேண்டுமென்றே செய்தாள்' என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று தெரியாது. நிறுத்தக்கூடியவள் நான் ஒருத்தி, நான் நிறுத்தவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது பேச்சு ஓமந்தூர் வழியாக அந்தக் கிராமத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவர ஆரம்பித்தார்கள். தொண்ணூறு தட்டில் பதினொரு தட்டுதான் நீண்டது. அக்கா வழக்கம்போலச் சமைத்து, ஒரு தட்டு சாப்பிட்டு, வாட்சைப் பார்த்து அரை மணி உட்கார்ந்திருப்பாளாம், எதிரே காலி வரிசைகளோடு. பாண்டுரங்கன் மட்டும் தன் பேரனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டுப் போவாராம். மூன்று மாதம் பார்த்துவிட்டு, கண்டமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தானே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். தினம் விழுப்புரத்தில் இறங்கி இரண்டு பஸ், போக வர நாலு மணி நேரம்.

ஒரே ஒரு முறை கேட்டேன். "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"மருந்து அடிச்சது நான்தானடி. மறைச்சதும் நான்தான். பறிச்ச கையி மட்டும்தான ஒன்னுது" என்று சொல்லிவிட்டுக் காட்டுத்தண்டைக் கிள்ளப் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் கடப்பாரையோடு செடியைப் பிடுங்க வந்தபோது மாமா குறுக்கே நின்று, "செடி இன்னாடா பண்ணிச்சி?" என்றார். அதனால் செடி நின்றது. அதற்கப்புறம் அதில் மருந்து படவில்லை. பூ கருகினால் கருகட்டும் என்று விட்டுவிட்டாள். 2011இல் அடித்த தானே புயலில் சாய்ந்ததை ஜன்னல் கம்பியோடு சேலைக் கிழிசலால் கட்டி நிமிர்த்தினாள். கோயிலுக்கு மட்டும் ஒரு பூகூடப் போகவில்லை. பயம் சுவரைத் தாண்டி என் பக்கம் வந்துவிட்டது. கேஸை மூன்று தடவை பார்க்கிறவள் இப்போது நான். ஆஷ்லின் இருமினாலே எழுந்து அவள் கண்மணியைப் பார்ப்பேன். ராயப்பன் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவேன், பூவை என் கையிலிருந்து வாங்கியவர் அவர்தானே. 'அக்கா பறித்து வைத்ததைத்தான் நான் கொண்டு வந்தேன்' என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தேன். அவர் என்றைக்காவது யோசித்துப் பார்ப்பாரோ என்று ஏழு வருஷம் பயந்தேன்.

2015 ஜூனில் மறுபடி நற்கருணைப் பவனி. ஆஷ்லினுக்குப் பதினான்கு வயது, கூடைப் பிள்ளைகளுக்குப் பூ சேர்க்கிற பொறுப்பு அவளுடையது. என்னைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. "இந்த வருஷம் பெரிம்மா ரோஜாதான்" என்று கோயிலில் போய்ச் சொல்லிவிட்டாள். அன்று மத்தியானம் அக்கா ஒரு எவர்சில்வர் தூக்கில் இதழோடு கோயில் வாசலுக்கு வந்தாள். ஏழு வருஷத்தில் முடி வெளுத்து, பாதியாக இளைத்திருந்தாள். பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள்.

அக்கா படியில் உட்கார்ந்தாள். தூக்கிலிருந்து ஒரு பிடி இதழை எடுத்து எல்லார் முன்னாலும் வாயில் போட்டு மென்றாள், விழுங்கினாள். வாட்சைப் பார்த்தாள். அந்த அரை மணி உட்கார்தலைக் கிண்டல் பண்ணியே காலத்தை ஓட்டியவள் நான். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"மறுபடியும் இவ கையிலயா? புள்ளைங்க உயிரு இன்னா இவளுக்கு வெளையாட்டா?" என்று எனக்குப் பின்னால் ஒரு குரல்.

ஆஷ்லின் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ராயப்பன் மணிக்கயிற்றுப் பக்கம் நிற்கிறார். என் வீட்டுக்காரர் கேட்டருகே நிற்கிறார். நான் படியேறிப் போய்த் தூக்கில் கையை விட்டு, அகப்பட்ட இதழை எல்லாம் வாயில் திணித்துக்கொண்டேன். துவர்ப்பு. மென்றுகொண்டே திரும்பிச் சொன்னேன்.

"அன்னிக்குப் பறிச்சது நான். தொடாதன்னு அக்கா சொல்லியும் கேக்காம, பொறாமையில பறிச்சது நான். அவங்க ஊர்லயே இல்ல."

ஆஷ்லின் கையிலிருந்த காலிக் கூடை கீழே விழுந்து உருண்டது. என் வீட்டுக்காரர் என்ன முகத்தோடு இருந்தார் என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. பக்கத்தில் அக்கா எழுந்து நின்றது மட்டும் தெரிந்தது. அவள் முகம் வெளுத்திருந்தது. நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. என் தாடையை ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையை என் வாய்க்கு நேரே ஏந்தினாள்.

"துப்புடி! மொதல்ல துப்பு! எனக்கே இன்னும் அரை மணி ஆவல!"

அவள் வாட்சில் ஏழு நிமிஷம்தான் ஆகியிருந்தது.